நேப்பர்வில்லில் ஹைஸ்கூல் சேரும் பிள்ளைக்கு: பாடமும் ஆட்டமும்

சிகாகோவுக்கு மேற்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், டூபேஜ், வில் ஆகிய இரண்டு கவுண்டிகளிலும் பரவிக் கிடக்கும் நேப்பர்வில்லுக்கு வேலை நிமித்தமாகக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் வந்து இறங்குகின்றன. வீடு, கார், வங்கிக் கணக்கு, மளிகை என்று அலைந்து முடித்துவிட்டுப் பள்ளியின் பக்கம் திரும்பும்போது, ஹைஸ்கூல் வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இரண்டு காரியங்கள் ஏற்கெனவே கைநழுவத் தொடங்கியிருக்கும். அந்தக் கல்வியாண்டுக்கான பாடங்களை மற்ற பிள்ளைகள் முந்தைய குளிர்காலத்திலேயே தேர்ந்தெடுத்திருப்பார்கள். இலையுதிர்கால விளையாட்டு அணிகளோ வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே, ஆகஸ்ட் முற்பாதியிலேயே, மைதானத்தில் இறங்கிவிடும். பள்ளி திறந்த பிறகு சாவகாசமாக விசாரித்துக்கொள்ளலாம் என்று பழகிய நமக்கு இந்த ஒழுங்கு புதிது. ஆகவே எதை எப்போது செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

இங்கே அரசுப் பள்ளியில் இடம் வாங்க நுழைவுத் தேர்வும் இல்லை, நன்கொடையும் இல்லை, சிபாரிசும் இல்லை. வீட்டு முகவரி ஒன்றுதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. ஆனால் பள்ளி மாவட்டத்தின் எல்லை வேறு, நகரத்தின் எல்லை வேறு. நேப்பர்வில் என்று முடியும் ஒரு முகவரி 203-ஆம் மாவட்டத்தில் இருந்தால் பிள்ளை நேப்பர்வில் சென்ட்ரலுக்கோ நேப்பர்வில் நார்த்துக்கோ போவார். இந்தியன் பிரெய்ரி எனப்படும் 204-ஆம் மாவட்டத்தில் இருந்தால் நூக்வா வேலி, வாபான்சி வேலி, மெட்டீயா வேலி ஆகிய மூன்றில் ஒன்றுக்குப் போவார். பின்னிரண்டு பள்ளிகளும் பக்கத்து ஊரான அரோராவில் இருக்கின்றன. (வாயில் நுழையாத இந்தப் பெயர்கள், இந்த மண்ணில் முன்பு வாழ்ந்த பொட்டவாட்டமி மக்களை நினைவுகூர்பவை.) லீஸில் கையெழுத்திடும் முன், மாவட்டத்தின் இணையதளத்தில் உள்ள எல்லைத் தேடலில் கதவு எண்ணோடு முகவரியை இட்டுப் பார்த்துவிடுங்கள், வீட்டு முகவரின் வாய்வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம்.

வீடு விற்கும் தளங்கள் பள்ளிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண்ணை விட, இல்லினாய் மாநிலக் கல்வி வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் இல்லினாய் ரிப்போர்ட் கார்டைப் பார்ப்பது நல்லது. வருகை, தேர்ச்சி, பட்டம் பெறும் விகிதம் எல்லாம் பள்ளி வாரியாக அதில் இருக்கும். அரோரா பாலாஜி கோயிலின் உணவுக்கூடத்தில் இந்த ஐந்து பள்ளிகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பதைப் போலப் பேசிக்கொள்வார்கள். என் அனுபவத்தில், ஒரே பள்ளிக்குள் இரண்டு பிள்ளைகளின் பாடத் தேர்வுக்கு இடையே உள்ள வித்தியாசம் இரண்டு பள்ளிகளுக்கு இடையே உள்ளதை விடப் பெரியது.

சேர்க்கைப் படிவங்களும் ஊசிக் கணக்கும்

பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை, வசிப்பிடத்தைக் காட்டும் லீஸ், மின்சார அல்லது எரிவாயுக் கட்டணச் சீட்டு, இந்தியப் பள்ளியின் டி.சி., கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் மார்க் ஷீட் ஆகியவற்றைக் கைப்பையிலேயே கொண்டு வாருங்கள். கப்பலில் வரும் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். விசா எந்த வகை என்பது பள்ளிச் சேர்க்கைக்குத் தடையாகாது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி ஒரு பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்பது 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு.

ஒன்பதாம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்கு உடல் பரிசோதனையும் பல் பரிசோதனையும் இல்லினாயில் கட்டாயம்; மாநிலப் பள்ளியில் முதன்முறையாகச் சேர்பவருக்குக் கண் பரிசோதனையும் வேண்டும். தடுப்பூசி அட்டையில் நம் பிள்ளைகளுக்குக் குறைவது பெரும்பாலும் மெனிங்ககாக்கல் (மூளையுறைக் காய்ச்சல்) ஊசியும் சின்னம்மை ஊசியின் இரண்டாவது தவணையும்தான். அக்டோபர் 15-க்குள் இவை சரியாகவில்லை என்றால் பிள்ளையை வகுப்புக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைக்க மாநிலச் சட்டம் பள்ளிக்கு அதிகாரம் தருகிறது. ஆண்டின் நடுவில் வருபவர்களுக்குத் தனிக் கெடு உண்டு. மருத்துவரிடம் போகும்போது பள்ளியின் உடல்நலப் படிவத்தையும் விளையாட்டுக்கான உடல் தகுதிப் படிவத்தையும் சேர்த்தே எடுத்துச் சென்று ஒரே நாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விளையாட்டுப் பரிசோதனை 395 நாள்கள் செல்லும். அது கோப்பில் இல்லாத பிள்ளையை எந்தக் கோச்சும் பயிற்சியில் நிற்க விடமாட்டார்.

வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள் என்பதற்காகவே சிலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தேவையற்ற பொய். ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு அத்தேர்வு பெரிய சுமையன்று; தேறாவிட்டாலும் கூடுதல் உதவி கிடைக்கும். இரண்டு மொழிகளில் தேர்ந்தவருக்கு இல்லினாய் மாநிலம் வழங்கும் இருமொழி முத்திரையைத் தமிழிலும் தேர்வெழுதிப் பெறலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு முனகிக்கொண்டே போகும் பிள்ளைக்கு இது நல்ல செய்தி.

கணக்கு எந்த வகுப்பு என்பதே முதற்கேள்வி

இங்கே ஒரு வகுப்பு மாணவர்கள் அனைவரும் ஒரே பாடத்தைப் படிப்பதில்லை. கணக்கு என்பது அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று படிப்படியாக ஏறும் ஏணி. ஒன்பதாம் வகுப்பில் ஒருவர் அல்ஜீப்ராவிலும் அவர் பக்கத்து இருக்கைத் தோழர் அல்ஜீப்ரா 2-இலும் இருப்பது இயல்பு. நம் மார்க் ஷீட்டிலோ 'கணிதம்' என்று ஒரே வரிதான் இருக்கும். அதற்குள் இயற்கணிதமும் வடிவியலும் முக்கோணவியலும் கலந்திருப்பது இங்குள்ள கவுன்சிலருக்கு, அதாவது பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகருக்கு, தெரிய வாய்ப்பில்லை.

நாங்கள் முதலில் குடியிருந்த வேறோர் ஊரின் பள்ளியில் என் மகளை, அவள் படித்த பாடத்தின் பெயரில் 'அல்ஜீப்ரா' இல்லாத காரணத்தாலேயே, ஏணியின் முதற்படியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, ஏழாம் வகுப்பில் போட்ட கணக்குகளை மறுபடி போடுவதாக அவள் சொன்ன பிறகுதான் விழித்துக்கொண்டோம். அதன் பின் பாடநூலின் பொருளடக்கத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு அலகின் எதிரிலும் இங்குள்ள பாடத்தின் பெயரை எழுதி, ஒரு பக்கத்தில் கவுன்சிலரிடம் கொடுத்து, தகுதித் தேர்வு வைக்கும்படி கேட்டோம். ஒரே வாரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். இந்த ஒரு பக்கத் தாளைச் சேர்க்கையின்போதே கொடுத்துவிடுங்கள். கேட்பதைக் கோபமாகக் கேட்க வேண்டாம். மின்னஞ்சலில், தேதியிட்டு, மரியாதையாகக் கேட்டால் இங்கே காரியம் நடக்கும்.

கிரெடிட், ஜி.பி.ஏ., ஏ.பி.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு ஃப்ரெஷ்மேன், சோஃபமோர், ஜூனியர், சீனியர் என்று பெயர். தேறும் ஒவ்வொரு பாடத்துக்கும், பட்டம் பெறத் தேவையான அலகாகிய கிரெடிட் சேரும். நான்காண்டு ஆங்கிலம், மூன்றாண்டு கணிதம் முதலியவை மாநிலத்தின் குறைந்தபட்சக் கட்டளை. மாவட்டங்கள் தங்கள் பங்குக்கு மேலும் சேர்க்கும். அரசமைப்புச் சட்டம் பற்றிய ஒரு தேர்விலும் தேற வேண்டும். பதினோராம் வகுப்பில் மாநிலமே செலவேற்று நடத்தும் தேர்வு 2025 வசந்தகாலத்திலிருந்து ஏ.சி.டி. ஆகும், அதற்கு முன் சில ஆண்டுகள் எஸ்.ஏ.டி. இருந்தது; இரண்டுமே கல்லூரிச் சேர்க்கைக்குப் பயன்படும் தேர்வுகள். கடைசி ஆண்டில் கல்லூரி நிதியுதவிப் படிவத்தை நிரப்ப வேண்டும், அல்லது நிரப்பவில்லை என்ற விலக்குப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) உள்ள பிள்ளைகளுக்குக் கூட்டரசின் உதவித்தொகை கிடைக்காது என்பதால், அவர்கள் வீட்டில் இந்த இரண்டாவது தாளை மறக்கக் கூடாது.

ஒரே பாடம் சாதாரண நிலை, ஹானர்ஸ், ஏ.பி. என்று வெவ்வேறு நிலைகளில் நடக்கும். ஏ.பி. என்பது கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடம். மே மாதத் தேர்வில் 5-க்கு 3 வாங்கினாலே இல்லினாயின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. கடின நிலைப் பாடங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து ஜி.பி.ஏ. எனப்படும் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. இதைக் கேட்டதும் நம்மவர்கள் ஏ.பி. எண்ணிக்கையில் இறங்கிவிடுகிறார்கள், என்னையும் சேர்த்தே சொல்கிறேன். வந்த முதலாண்டில், உச்சரிப்பும் உணவுக்கூடமும் லாக்கர் பூட்டும் புதிதாக இருக்கும் பிள்ளைக்கு, ஏ.பி. ஒன்றே போதும், அதுவும் இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. இங்கே மதிப்பெண் ஆண்டிறுதித் தேர்வில் விழுவதில்லை. வீட்டுப்பாடம், சிறுதேர்வு, ஆய்வக அறிக்கை என்று வாராவாரம் சேர்ந்து, பெற்றோர் பார்க்கும் இணையப் பக்கத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசி மாதத்தில் உட்கார்ந்து படித்து ஈடுகட்டும் நம் பழக்கம் இங்கே செல்லாது.

கணக்கு வாத்தியார் கடன் வாங்காத பி.டி. பீரியட்

உடற்கல்வி இல்லினாயில் விருப்பப் பாடமன்று. சட்டப்படி ஐந்து நாள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் இருக்க வேண்டும். 203-ஆம் மாவட்டம் இதில் பெயர் பெற்றது. இதயத் துடிப்புமானியை மாணவர்களுக்குக் கட்டிவிட்டு, யார் முதலில் ஓடி வந்தார் என்பதை விட யார் தன் உடலுக்கு ஏற்ற அளவு உழைத்தார் என்று பார்த்து மதிப்பெண் போடும் முறையை இங்குள்ள ஆசிரியர்கள் முன்னோடியாகக் கொண்டுவந்தார்கள். 1999-இல் நடந்த டிம்ஸ் என்னும் பன்னாட்டுத் தேர்வில், இம்மாவட்டத்து எட்டாம் வகுப்பினர் ஒரு நாட்டைப் போலத் தனித்துக் கலந்துகொண்டு அறிவியலில் முதலிடமும் கணிதத்தில் ஆறாமிடமும் பெற்றனர். ஓட்டம்தான் அதற்குக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. வசதியும் படிப்பும் மிகுந்த பெற்றோர் நிறைந்த ஊர் இது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதே நியாயம். எப்படியானாலும் பி.டி.-யில் வாங்கும் 'சி' ஜி.பி.ஏ.-வைத் தொடும் என்பதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அணியில் சேர்வது எப்படி

பள்ளி விளையாட்டை நடத்துவது 1900-இல் தொடங்கிய இல்லினாய் ஹைஸ்கூல் சங்கம், எல்லாரும் ஐ.எச்.எஸ்.ஏ. என்பார்கள். கல்லூரிக் கூடைப்பந்துக்கு இன்று உலகமே சொல்லும் 'மார்ச் மேட்னஸ்' என்ற தொடரை 1939-இல் எழுதிப் பரப்பியவர் இச்சங்கத்தின் அலுவலராக இருந்த ஹென்றி போர்ட்டர். அவர் எழுதியது கல்லூரி ஆட்டத்தைப் பற்றியன்று, இம்மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பற்றி. நேப்பர்வில் சென்ட்ரலின் பெண்கள் கூடைப்பந்து அணி 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மாநிலப் பட்டம் வென்றபோது அதில் ஆடிய கேண்டஸ் பார்க்கர் பின்னர் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஊர் இதையெல்லாம் மறப்பதில்லை. வெள்ளிக்கிழமை இரவு விளக்கொளியில் நடக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஒரு முறையாவது குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும்.

ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் ஃபுட்பால், கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளி நெடுந்தூர ஓட்டம்), கோல்ஃப், ஆண்களின் சாக்கர் (நம் கால்பந்து), பெண்களின் டென்னிஸ், நீச்சல், கைப்பந்து ஆகியவை நடக்கும். குளிர்காலத்தில் கூடைப்பந்து, மல்யுத்தம், பௌலிங், ஆண்களின் நீச்சல் ஆகியவை வரும். வசந்தத்தில் டிராக் (தடகளம்), பேஸ்பால், சாஃப்ட்பால், ஆண்களின் டென்னிஸ், கைப்பந்து, பெண்களின் சாக்கர், பேட்மின்டன் ஆகியவை. நம் வீடுகளில் அதிகம் கேட்கப்படும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லிவிடுகிறேன்: ஐ.எச்.எஸ்.ஏ. மாநிலப் போட்டிகளில் பேட்மின்டன் பெண்களுக்கு மட்டுமே உண்டு. கிரிக்கெட் இல்லவே இல்லை. ஆனால் செஸ் உண்டு. ஒரு பள்ளிக்கு எட்டுப் பலகைகள். முதற்பலகையின் வெற்றிக்கு 12 புள்ளி, எட்டாவதற்கு 5. மாநில இறுதிப்போட்டி பிப்ரவரியில் பியோரியா நகரில் நடக்கும். ஆனந்தின் ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு இதைவிட எளிதான நுழைவாயில் கிடையாது.

பதிவு செய்வது இணையத்தில், பருவம் தொடங்கும் முன். தலையில் அடிபட்டால் பின்பற்ற வேண்டிய விதிகளைப் படித்ததாகப் பெற்றோர் கையெழுத்திடும் படிவமும் அதில் அடங்கும். பிறகு டிரைஅவுட். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் நடக்கும் இத்தேர்வில், கூடைப்பந்து, கைப்பந்து, டென்னிஸ், சாக்கர் போன்றவற்றில் இடங்கள் குறைவாக இருப்பதால் பலரைக் கழித்துவிடுவார்கள். தேறியவர்களும் ஒரே அணியில் இருக்கமாட்டார்கள்: முதன்மை அணி வார்சிட்டி, அடுத்தது ஜே.வி., அதற்குக் கீழே சோஃபமோர், ஃப்ரெஷ்மேன் அணிகள். ஆறு வயதிலிருந்து கிளப்பில் ஆடிவரும் பிள்ளைகளோடு போட்டியிடுகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஏமாற்றம் குறையும்.

ஆகவே புதிதாக வந்த பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது, யாரையும் கழிக்காத அணியைத் தேடு என்பதே. பல பள்ளிகளில் கிராஸ் கன்ட்ரியும் டிராக்கும் அப்படிப்பட்டவை. பக்கத்து எல்ம்ஹர்ஸ்டில் உள்ள யார்க் பள்ளியில் அரை நூற்றாண்டுக்கு மேல் கோச்சாக இருந்த ஜோ நியூட்டன், 28 மாநில கிராஸ் கன்ட்ரிப் பட்டங்களை வென்றவர்; அவருடைய அணியோ நூற்றுக்கணக்கான பையன்களைக் கொண்ட பெரும்படை. திறமைசாலிகளை மட்டும் பொறுக்கி எடுப்பதே வெற்றிக்கு வழி என்று நினைப்பவர்கள் இந்த மேற்குப் புறநகர்களின் வரலாற்றைப் பார்க்கலாம்.

கிராஸ் கன்ட்ரியில் மூன்று மைல் ஓட வேண்டும். வார்சிட்டியில் ஏழு பேர் ஓடி, முதல் ஐவரின் இடங்களைக் கூட்டி, குறைந்த எண் பெற்ற அணி வெல்லும். என் மகன் சேர்ந்த முதல் செப்டம்பரில், மழை பெய்து ஊறிய புல்வெளியில், ஃப்ரெஷ்மேன் ஓட்டத்தில் கடைசியிலிருந்து நான்காவதாக வந்தான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வரை சேற்றோடு வந்தவன், "அப்பா, போன வாரத்தைவிட 41 செகண்ட் குறைஞ்சிருக்கு, கோச் சொன்னாரு" என்றான். நூறு பிள்ளைகள் உள்ள அணியில் கடைசி ஆளின் நொடிக்கணக்கும் அந்த மனிதரின் அட்டையில் இருந்தது. அன்று மாலை பேருந்தில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பையன்தான் இன்றுவரை அவனுடைய நெருங்கிய நண்பன்.

தேறாதவர் ஆட முடியாது

ஐ.எச்.எஸ்.ஏ. விதிப்படி, அணியில் இருக்கும் பிள்ளை ஒவ்வொரு வாரமும் 25 கிரெடிட் மணி அளவுக்கு, அதாவது அரை கிரெடிட் பாடங்கள் ஐந்தில், தேறிக்கொண்டிருக்க வேண்டும். முந்தைய செமஸ்டரிலும் அதே அளவு தேறியிருக்க வேண்டும். பள்ளி வாராவாரம் பட்டியல் எடுக்கும். குறைந்தால் அடுத்த வாரம் சீருடை கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எட்டு செமஸ்டர்களுக்கு மேல் ஆட முடியாது என்ற விதியும் உண்டு. ஊரில் ஒன்பதோ பத்தோ முடித்துவிட்டு, இங்கே ஒரு வகுப்பு இறங்கிச் சேரலாமா என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் கிடைக்கவில்லை என்ற குறையைக் கோச்சிடம் பெற்றோர் போய்ச் சொல்வது இங்கே வழக்கமன்று. முதலில் பிள்ளையே போய்க் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நமக்கு இது சற்று உறுத்தும். நான் ஒரு முறை மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். அது சரியாகவே அமைந்தது.

விளையாட்டால் கல்லூரி உதவித்தொகை வரும் என்ற நம்பிக்கையை ஓரமாக வைத்துவிடலாம்; கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் அது அறவே கிடையாது, முதற்பிரிவில் ஆட விரும்புபவர், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கம் ஏற்கும் 16 மையப் பாடங்களை முடித்தாக வேண்டும். அத்தகைய ஆர்வம் உண்மையிலேயே இருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் சொல்லிவிடுங்கள், ஏனெனில் எல்லாப் பாடமும் அந்தப் பட்டியலில் இராது.

குளிர்காலத்தில் அடுத்த ஆண்டுக்கான பாடப் படிவம் கைக்கு வரும்போது, விளையாட்டு நாள்காட்டியையும் அருகில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ.பி. தேர்வுகள் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் வருகின்றன. வசந்தகால அணிகளின் முக்கியமான ஆட்டங்களும் அதே மாதத்தில் குவிகின்றன. பேட்மின்டன் ஆடும் மகளோ டென்னிஸ் ஆடும் மகனோ மூன்றாவது ஏ.பி.-க்கு எதிரே குறியிடும் முன், அந்த மே மாதத்தின் மாலை வேளைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுப் படிவத்தைக் கொடுக்கட்டும்.